பப்பாளியில் ஆண் மரம் எங்கிருந்து வந்தது?

கேள்வி: ரெட் லேடி ரகப் பப்பாளி மரத்தின் நீளப் பழத்திலிருந்து விதை எடுத்து, நாற்று விட்டு, குழிக்கு ஒரு கன்று வீதம் நட்டேன். 280 மரம் பூத்திருக்கிறது. 165 மரத்தில் நீளக் காய், 95 மரத்தில் உருண்டைக் காய். மீதி 20 மரத்தில் காயே இல்லை. முழ நீளக் காம்பில் பூ மட்டும் தொங்குகிறது. தண்டில் ஆணி அடித்தால் காய்க்கும் என்கிறார்கள். ப்ளஸ் டூ படிக்கும் மகள் எக்ஸ், ஒய் குரோமோசோம்தான் காரணம் என்கிறாள். மரத்துக்கும் அது உண்டா? பத்துப் பதினைந்து மரத்தில் இலை தேமலாகி, காயில் வளையம் வளையமாக விழுந்திருக்கிறது. அதுவும் விதையில் வந்த குறையா? – உடுமலைப்பேட்டைப் பக்கத்து விவசாயி

பதில்: உங்கள் மகள் சொல்வது சரி. பப்பாளிக்கும் எக்ஸ், ஒய் உண்டு. மூன்று வகை மரத்தையும் பிரித்து எண்ணி எழுதியிருக்கிறீர்கள். அந்த எண்ணிக்கையை வைத்தே விதை எப்படி உருவானது என்று சொல்லிவிடலாம்.

பப்பாளியின் ஒவ்வொரு செல்லிலும் 18 குரோமோசோம்கள், அதாவது 9 ஜோடி. ஜோடியில் ஒன்று தாய் மரத்துச் சூலிலிருந்தும் மற்றது மகரந்தத்திலிருந்தும் வந்தவை. குரோமோசோம் என்பது இறுகச் சுருண்ட டி.என்.ஏ இழை. அந்த இழையில் இருப்பவை ஏ, டி, ஜி, சி என்ற நான்கே எழுத்துகள். பப்பாளியின் ஒரு தொகுதிக் குரோமோசோம்களில் அவை சுமார் 37 கோடி முறை மாறி மாறி வருகின்றன. அதில் ஒரு வேலைக்கான குறிப்பு அடங்கிய துண்டுதான் மரபணு. சதையின் நிறம், பூ ஆணா பெண்ணா என்ற பால் எல்லாம் அந்தக் குறிப்புப்படிதான்.

ஒன்பது ஜோடியில் ஒரு ஜோடி பாலைத் தீர்மானிக்கிறது. எக்ஸ்-எக்ஸ் சேர்ந்தால் பெண் மரம். எக்ஸ்-ஒய் என்றால் ஆண். ஒய்யில் சற்று மாறுபட்ட இன்னொரு வடிவம் உண்டு, அதை ஒய்-எச் என்பார்கள். எக்ஸுடன் அது சேர்ந்தால் இருபால் மரம், அதாவது ஒரே பூவில் ஆண், பெண் உறுப்பு இரண்டும் உள்ள மரம். சந்தையில் விலை போகும் நீளக் காய், தடித்த சதை, சிறிய குழிவு எல்லாம் இந்த இருபால் மரத்தினுடையவை. பெண் மரத்துக் காய் உருண்டையாக, உள்ளே குழிவு பெரிதாக இருக்கும்.

நீங்கள் விதை எடுத்த நீளப் பழம் இருபால் மரத்தினுடையது. அதன் சூல்களில் பாதி எக்ஸ், பாதி ஒய்-எச். மகரந்தத்திலும் அப்படியே. தன் மகரந்தமே தன் சூலில் விழுந்தால் சேரும் வழி நான்கு: ஒரு பங்கு எக்ஸ்-எக்ஸ், இரண்டு பங்கு எக்ஸ்-ஒய்-எச், ஒரு பங்கு ஒய்-எச் இரண்டும் சேர்ந்தது. கடைசி வகைக் கரு பிழைக்காது, விதையாகும் முன்பே அழிந்துவிடும். ஆக முளைப்பதில் மூன்றில் ஒன்று பெண், மூன்றில் இரண்டு இருபால். இதில் ஆணுக்கு இடமே இல்லை.

ஆனால் உங்களிடம் 20 ஆண் இருக்கிறது. ஒய் வேறெங்கிருந்தோ வந்தாக வேண்டும். தாய் மரம் நின்ற இடத்துக்குப் பக்கத்தில் ஏதோ வேலியோரத்தில் ஆண் நாட்டுப் பப்பாளி நின்றிருக்கிறது. அதன் மகரந்தம் காற்றிலோ பூச்சியிலோ வந்து சேர்ந்திருக்கிறது. இருபால் மரத்தில் ஆண் மகரந்தம் சேர்ந்தால் பிழைக்கும் கன்றுகள் பெண், ஆண், இருபால் என்று சமமாகப் பிரியும். 20 ஆண் என்றால் அப்படி உருவான கன்று சுமார் 60: ஆண் 20, பெண் 20, இருபால் 20. மீதி 220 சொந்த மகரந்தத்தில் வந்தவை: பெண் 73, இருபால் 147. கூட்டிப் பாருங்கள், பெண் 93, இருபால் 167. நீங்கள் எண்ணியது 95, 165. உரமோ தண்ணீரோ இந்தக் கணக்கை மாற்றாது.

பழுக்கும்போது இன்னொரு சாட்சியும் கிடைக்கலாம். பப்பாளியில் மஞ்சள் சதை ஓங்கு பண்பு, சிவப்புச் சதை ஒடுங்கு பண்பு. இரு பக்கமும் சிவப்புக்கான மரபணு வந்தால்தான் சதை சிவக்கும்; ஒரு பக்கம் மஞ்சள் வந்தாலே மஞ்சள். ரெட் லேடி தன் மகரந்தத்தில் கொடுத்த விதையில் மஞ்சள் வராது. எங்காவது மஞ்சள் சதைப் பழம் வந்தால் அது வெளி மகரந்தத்தின் பிள்ளை.

ரெட் லேடி ஒரு வீரிய ஒட்டு ரகம். இரண்டு வேறு பெற்றோரைச் சேர்த்து எடுத்த முதல் தலைமுறை விதை என்பதால்தான் மரங்கள் ஒன்றுபோல் காய்க்கின்றன. அதன் பழத்து விதையில் அந்த ஜோடிகள் பிரிந்து புதிதாகக் கூடும். உயரம், காய் எடை, இனிப்பு எல்லாம் மரத்துக்கு மரம் மாறும். ரெட் லேடிதான் வேண்டும் என்றால் ஒவ்வொரு முறையும் விதை வாங்கத்தான் வேண்டும். விதை நாமே எடுக்க ஆசைப்பட்டால் கோ 7 போன்ற இருபால் ரகமே நல்லது.

ஆணி அடிப்பதை விட்டுவிடுங்கள். செல்லில் இருக்கும் ஒய் குரோமோசோம் ஆணியால் போகாது; காயம் வழியாக அழுகல்தான் உள்ளே போகும். குளிர் காலத்தில் ஆண் மரத்தின் நீளக் காம்பில் ஓரிரு காய் தொங்குவதும், கோடை வெயிலில் இருபால் மரத்தின் பூவில் சூலகம் வளராமல் காய் பிடிக்காமல் போவதும் உண்டு. வெப்பநிலைக்கு ஏற்பப் பூ மாறுகிறது, மரத்தின் பால் மாறுவதில்லை. அதனால் கோடையில் அவசரப்பட்டு வெட்டாதீர்கள். காம்பைப் பாருங்கள்: இலைக்கக்கத்தில் குட்டையாக இருந்தால் இருபால், கிளைத்து நீளமாகத் தொங்கினால் ஆண். உங்கள் 20 மரமும் ஆண்தான், வெட்டிவிடலாம். மகரந்தத்துக்கு இருபால் மரங்களே போதும். 95 பெண் மரத்தை இந்த முறை வைத்துக்கொள்ளுங்கள். காய் பிடித்த மரத்தை வெட்டுவது வீண். உள்ளூர்ச் சந்தையில் உருண்டைப் பழமும் போகும்.

கோ 2, கோ 8 போல ஆண், பெண் தனித்தனியாக வரும் ரகம் என்றால் வேறு கணக்கு. அங்கே 20 பெண்ணுக்கு ஓர் ஆண் கட்டாயம் வேண்டும்.

நாற்றின் ஆணிவேர் நேராக ஓடினால் ஆண், கிளைத்தால் பெண் என்று சொல்வதை நம்பி நாற்றைக் கழிக்க வேண்டாம். நாற்றிலேயே பாலைச் சொல்வது டி.என்.ஏ சோதனை ஒன்றுதான். நமக்குச் சுலபமான வழி, குழிக்கு மூன்று கன்று. இருபால் ரக விதையில் ஒரே கன்று நட்டால் நீளக் காய்க்கு வாய்ப்பு மூன்றில் இரண்டு. மூன்றும் பெண்ணாகவே அமைய வாய்ப்பு 27இல் ஒன்றுதான். ஆக நூறு குழியில் 96க்கு மேல் இருபால் மரம் தேறும். 1.8 மீட்டர் இடைவெளியில் ஏக்கருக்கு சுமார் 1,250 குழி வரும். கன்று ஒன்றே நட்டால் 400க்கும் மேல் உருண்டை மரமாகப் போய்விடும்.

பூ வந்ததும் வேண்டாத கன்றுகளைக் கழித்துவிடுங்கள். விரியப் போகும் மொட்டு ஒன்றைப் பறித்து பிளேடால் நெடுக்காகப் பிளந்து பாருங்கள். பெண் மொட்டு அடி பருத்து, நடுவில் சூலகம் மட்டும் இருக்கும். இருபால் மொட்டு சற்று நீண்டிருக்கும். சூலகத்தைச் சுற்றி மஞ்சள் மகரந்தப் பைகள் தெரியும். நல்ல இருபால் கன்று ஒன்றை நிறுத்தி, மற்றதைப் பிடுங்காமல் தரையோடு அறுத்துவிடுங்கள். பிடுங்கினால் நிற்கும் கன்றின் வேர் அறும். இதற்குப் பிறகுதான் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மரத்துக்குத் தழை, மணி, சாம்பல் சத்து தலா 50 கிராம். அதற்கு முன்பே போட்டால் வெட்டப் போகும் கன்றுக்கும் சேர்த்துப் போட்டதாகும்.

விதைக்காக ஒதுக்கும் இருபால் மரத்தில், நாளை விரியும் பூவை இன்று மாலையே பட்டர் பேப்பர் பையால் மூடிக் கட்டுங்கள். பிஞ்சு பிடித்ததும் பையை எடுத்து, காம்பில் அடையாள நூல் கட்டுங்கள். வெளி ஆண் மகரந்தம் நுழைய வழியில்லை. பழுத்த பழத்து விதையைச் சாம்பலில் தேய்த்து வழவழப்புத் தோலை நீக்கி, கழுவி, நிழலில் உலர்த்தி, சீக்கிரமே விதைத்துவிடுங்கள். நாள் போகப் போக முளைப்பு குறையும்.

இனி தேமல். அது விதைக் குறையல்ல, வளையப்புள்ளி வைரஸ். விதை வழியாகப் பரவாது. இங்கேதான் ஆர்.என்.ஏ வருகிறது. டி.என்.ஏ மூலப் பத்திரம் போல உட்கருவுக்குள்ளேயே இருக்கும். தேவைப்படும் பகுதிக்கு மட்டும் ஆர்.என்.ஏ என்ற நகல் எடுக்கப்பட்டு, அதைப் படித்துத்தான் செல் புரதம் செய்கிறது. நகலில் டி இருக்கும் இடத்தில் யு என்ற எழுத்து இருக்கும். இந்த வைரஸிடம் டி.என்.ஏவே கிடையாது. சுமார் 10,000 எழுத்து நீளமுள்ள ஓர் ஆர்.என்.ஏ இழையும் அதைச் சுற்றிப் புரத உறையும்தான். செல் அதைத் தன் நகல் என்று நினைத்துப் படித்து, வைரஸுக்கான புரதத்தைச் செய்து கொடுத்துவிடுகிறது. ஹவாய்த் தீவின் பூனா பகுதியில் 1992இல் இந்த வைரஸ் புகுந்து தோட்டங்களை அழித்தது. வைரஸின் உறைப் புரத மரபணுவையே பப்பாளியில் சேர்த்து, அந்த எழுத்துகளோடு வரும் ஆர்.என்.ஏவைச் செல்லே வெட்டிப் போடும்படி செய்த ரெயின்போ ரகம் 1998இல் அங்கே வந்தது. நம் நாட்டில் அத்தகைய பப்பாளியைப் பயிரிட அனுமதி இல்லை.

வைரஸ் ஏறிய மரத்துக்கு மருந்து கிடையாது. சாறு உறிஞ்சும் சிறு பூச்சியான அசுவினி ஒரு மரத்தில் சில நொடி உறிஞ்சிவிட்டு அடுத்த மரத்தில் உட்கார்ந்தாலே பரவிவிடும். பூச்சிமருந்து அதைக் கொல்வதற்குள் வேலை முடிந்திருக்கும். அதனால்தான் தெளித்தும் நிற்கவில்லை என்று பலர் சொல்கிறார்கள். இலைக்காம்பிலும் இளந்தண்டிலும் எண்ணெய் பட்டது போலக் கரும்பச்சைக் கோடு தெரியும் மரங்களை வேரோடு எடுத்துப் புதைத்துவிடுங்கள். பூசணி, வெள்ளரி, பீர்க்கு போன்ற கொடிகளிலும் இந்த வைரஸ் தங்கும், ஊடுபயிராக வேண்டாம். அடுத்த நாற்றங்காலைப் பூச்சி நுழையாத வலைக்குள் விட்டு, நடவுக்கு ஒரு மாதம் முன்பே தோட்டத்தைச் சுற்றி மக்காச்சோளம் இரண்டு வரிசை விதைத்துவிடுங்கள். பறந்து வரும் அசுவினி முதலில் அதில் இறங்கி வாயைத் துடைத்துவிட்டால், பப்பாளிக்கு வரும்போது அதன் வாயில் வைரஸ் பெரும்பாலும் மிஞ்சியிருக்காது.