வாசகர் கேள்வி – பதில்: நிலம் போதுமா?

கேள்வி: 2050-இல் உலக மக்கள்தொகை 970 கோடியை நெருங்கும் என்கிறார்கள். விளைநிலமோ வீட்டுமனைகளாகவும் சாலைகளாகவும் மாறிக்கொண்டே இருக்கிறது. அத்தனை பேருக்கும் உணவளிக்க இந்தப் பூமியில் நிலம் போதுமா?
– கல்லூரி மாணவி, மதுரை

பதில்: நிலம் போதும், ஆனால் எப்படிப்பட்ட உணவுக்கு என்பதைப் பொறுத்தே அந்தப் பதில் நிற்கும். உலகில் வேளாண்மையின் கீழ் உள்ள நிலம் ஏறக்குறைய 480 கோடி ஹெக்டேர். அதில் மூன்றில் இரண்டு பங்கு மேய்ச்சல் நிலம். மீதமுள்ள பங்கில் விளைவதிலும் ஒரு பெரும் பகுதி நேராக மனிதர் வயிற்றுக்குப் போவதில்லை. கால்நடைத் தீவனமாகவும் வாகன எரிபொருளாகவும் போகிறது.

பிரான்ஸின் வேளாண் ஆய்வு நிறுவனங்களான இன்ராவும் சிராடும் 2006-இல் தொடங்கிய ‘அக்ரிமோந்த்’ என்ற கூட்டாய்வு, 2050-ஐ இரண்டு விதமாகக் கற்பனை செய்து கணக்கிட்டது. ஒன்றில், இன்றைய போக்கே தொடர்ந்து, தலைக்கு நாளொன்றுக்குச் சுமார் 3,600 கிலோ கலோரி உணவு தேவைப்படுகிறது. மற்றொன்றில், எல்லா நாட்டாருக்கும் சமமாக 3,000 கிலோ கலோரி. அதில் 500 மட்டுமே இறைச்சி, பால், மீன் போன்றவற்றிலிருந்து கிடைப்பது. இந்த 3,000 என்பது ஒருவர் உண்ணும் அளவன்று, அவர் கைக்கு வந்து சேரும் அளவு. வீட்டில் கெட்டுப்போவதும் குப்பைக்குப் போவதும் அதற்குள் அடக்கம். சகாராவுக்குத் தெற்கேயுள்ள ஆப்பிரிக்காவுக்கு இந்த அளவு ஓர் உயர்வு. செல்வந்த நாடுகளுக்கோ பெரிய குறைப்பு. எனவே வீணாக்குவதைக் குறைக்காமல் அந்த இலக்கை அவை எட்டவே முடியாது.

அதே நிறுவனங்கள் அடுத்து நடத்தி 2016-இல் முடித்த ‘அக்ரிமோந்த்-டெரா’ ஆய்வு, நிலப் பயன்பாட்டையே மையமாக வைத்து ஐந்து எதிர்காலங்களை வரைந்தது. பெருநகரங்கள் வீங்கி, பதப்படுத்திய பண்டங்களும் இறைச்சியும் உணவை ஆளும் எதிர்காலத்தில் வேளாண் நிலம் காடுகளுக்குள் புகுந்து விரிகிறது. தானியம், பருப்பு, காய்கறி, பழம் ஆகியவை கூடிய உடல்நலத்துக்கேற்ற உணவை அரசுகள் கொள்கையாகவே எடுத்துக்கொள்ளும் எதிர்காலத்தில்தான் நிலமும் காடும் பெருமளவு தப்புகின்றன. வீட்டுமனை குறித்த உங்கள் கவலை நியாயமானது, ஏனெனில் நகரங்கள் பெரும்பாலும் வளமான ஆற்றுப்படுகைகளிலேயே வளர்கின்றன. ஆனால் உலகளாவிய பரப்பளவுக் கணக்கில் கட்டடங்களைவிடத் தீவனமும் மேய்ச்சலுமே பலமடங்கு பெரியவை.

கேள்வி: பிரேசிலில் எதற்கும் உதவாத நிலத்தைத் திருத்திச் சோயாவில் சாதனை படைத்ததாகப் படித்தேன். அதே சோயாவைக் காடழிப்புக்குக் காரணம் என்றும் சொல்கிறார்கள். எது சரி?
– ஓய்வுபெற்ற வேளாண் அலுவலர், திருவாரூர்

பதில்: இரண்டும் சரிதான். நீங்கள் குறிப்பிடுவது செராடோ என்னும் புல்வெளிக்காட்டுப் பரப்பு. சுமார் 20 லட்சம் சதுர கிலோமீட்டர். அதன் மண் கடும் அமிலத்தன்மை உடையது, அதிலுள்ள அலுமினியம் வேரைக் கருக்கிவிடும், மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) குறைவு. 1973-இல் தொடங்கப்பட்ட எம்ப்ராபா என்ற அரசு ஆய்வு நிறுவனத்தின் அறிவியலாளர்களும் பிறரும் டன் கணக்கில் சுண்ணாம்பு இட்டு அந்த மண்ணைச் சீராக்கினர். அடுத்த தடை பகற்பொழுது. நீண்ட கோடைப் பகலுக்குப் பழகிய சோயா, நிலநடுக்கோட்டை நெருங்கியதும் உரிய உயரம் வளருமுன்பே பூத்துவிடும். காய்கள் தரையை ஒட்டித் தொங்குவதால் அறுவடை இயந்திரத்துக்குச் சிக்காது. பூப்பதைத் தள்ளிப்போடும் இரகங்களை உருவாக்கியே இதைக் கடந்தார்கள். காற்றிலுள்ள தழைச்சத்தை (நைட்ரஜன்) வேர்முடிச்சில் சேர்க்கும் பாக்டீரியாக்களை விதையோடு கலந்து விதைத்ததால் யூரியாச் செலவும் மிச்சமானது. இம்மாற்றத்துக்காகவே 2006-ஆம் ஆண்டின் உலக உணவுப் பரிசு லோபாட்டோ, பாவுலினெல்லி, மெக்ளங் ஆகிய மூவருக்கு வழங்கப்பட்டது. வேளாண் அறிவியலின் பெருஞ்சாதனைகளில் இதற்கு இடமுண்டு என்பதில் எனக்கு ஐயமே இல்லை.

ஆயினும் ‘எதற்கும் உதவாத நிலம்’ என்ற சொல்லை நான் ஏற்க மாட்டேன். சாவோ பிரான்சிஸ்கோ, டோகாண்டின்ஸ் போன்ற பெரிய ஆறுகளுக்கு நீர் சுரக்கும் பரப்பு அது. அதன் இயற்கைத் தாவரப் போர்வையில் ஏறத்தாழப் பாதி இன்று இல்லை. அமேசான் காட்டில் புதிதாக அழித்த நிலத்தின் சோயாவை வாங்குவதில்லை என்று 2006-இல் வணிக நிறுவனங்கள் உடன்பட்டபோது செராடோ அந்த உடன்பாட்டுக்கு வெளியே விடப்பட்டது. சட்டமும் அப்படியே: அமேசான் காட்டுப் பகுதியில் தனியார் நிலத்தில் 80 விழுக்காட்டைக் காடாக விட்டுவைக்க வேண்டும், செராடோவின் பெரும்பகுதியில் 20 விழுக்காடு போதும்.

மேய்ச்சல் நிலத்தில் சோயா வந்தால் மாடுகள் காட்டோரத்துக்கு நகரும் என்பது இன்னொரு சிக்கல். இப்படி ஓரிடத்து மாற்றம் வேறோரிடத்தில் காட்டை விழுங்குவதை அமெரிக்க ஆய்வாளர் செர்ச்சிங்கரும் உடன் ஆய்வாளர்களும் 2008-இல் ‘சயின்ஸ்’ இதழில் கணக்கிட்டுக் காட்டினர். அமெரிக்க மக்காச்சோள எத்தனால் கரிம உமிழ்வைக் குறைக்கும் என நம்பப்பட்டது. எரிபொருளுக்குப் போன மக்காச்சோளத்தை ஈடுகட்ட வேறெங்கோ உழப்படும் நிலத்தையும் சேர்த்தால், 30 ஆண்டுக் கணக்கில் உமிழ்வு ஏறக்குறைய இரட்டிக்கும் என்பது அவர்கள் முடிவு. அந்த எண்ணிக்கை குறித்து விவாதம் எழுந்தது. ஆனாலும் நிலத்தைக் கணக்கில் சேர்க்காமல் எரிபொருளை மதிப்பிடும் பழக்கத்தை அந்த ஆய்வு மாற்றியது.

கேள்வி: பணக்கார நாடுகள் ஏழை நாடுகளில் நிலத்தை வளைத்துப் போடுவது இன்னும் நடக்கிறதா?
– வாசகர், கொழும்பு

பதில்: நடக்கிறது, 2007–08 உணவு விலை ஏற்றத்தின்போது இருந்த வேகம் மட்டும் இல்லை. மடகாஸ்கரில் 13 லட்சம் ஹெக்டேரை 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்து மக்காச்சோளமும் எண்ணெய்ப் பனையும் பயிரிட, தென்கொரியாவின் தேவூ லாஜிஸ்டிக்ஸ் முயன்ற செய்தி 2008-இல் வெளிவந்தது. மக்களின் கோபம் ஆட்சி கவிழ்ந்ததற்கான காரணங்களில் ஒன்றாயிற்று. 2009-இல் வந்த புதிய ஆட்சி அத்திட்டத்தைக் கைவிட்டது. இத்தகைய பேரங்களில் ‘காலி நிலம்’ என்று காட்டப்படுவது பெரும்பாலும் பட்டா இல்லாத, தலைமுறைகளாக ஊரார் உழுதும் மேய்த்தும் வரும் நிலம். அந்த வழக்காற்று உரிமையை அரசுகள் மதிக்க வேண்டும் என்று உலக உணவுப் பாதுகாப்புக் குழு 2012 மே மாதம் நெறிமுறைகளை ஏற்றது. அவற்றுக்குச் சட்ட வலிமை இல்லை. ஒவ்வொரு நாடும் தன் நிலச் சட்டத்தில் எழுதிச் சேர்த்தால்தான் உழவர் அதைக் காட்டி நீதிமன்றத்தில் வழக்காட முடியும்.