வாசகர் கேள்வி-பதில்: வடக்கே போனால் குளிர வேண்டாமா?

கேள்வி: மகளை மண்டலேயில் கட்டிக் கொடுத்திருக்கிறேன். சித்திரை மாதம் அங்கே போனால் உடம்பே வெந்துபோகிறது. பூமத்திய ரேகையை விட்டுத் தள்ளிப் போகப் போகக் குளிர் என்று படித்தோமே, மண்டலே எங்கள் ஊருக்கு வடக்கேதானே இருக்கிறது? ஒருவேளை அந்த மாதம் சூரியன் பூமிக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறதா?
(ஒரு வாசகி, மோல்மேன், பர்மா)

பதில்: பக்கத்தில் வருகிற விஷயத்தை முதலில் முடித்துவிடலாம் அம்மா. பூமி சூரியனுக்கு மிக அருகில் இருப்பது ஜனவரி முதல் வாரத்தில், நாம் போர்வை தேடுகிற மார்கழியில். அப்போது தூரம் ஏறத்தாழ 14.7 கோடி கிலோமீட்டர், ஜூலைத் தொடக்கத்தில் 15.2 கோடி. அதனால் வெயில் கொஞ்சம் கூடும், குறையும், அவ்வளவுதான். பருவங்களை உண்டாக்குவது பூமியின் அச்சு 23.5 டிகிரி அளவுக்குச் சாய்ந்திருப்பது. அந்தச் சாய்வால் வெயில் செங்குத்தாக விழும் இடம் வருடம் முழுக்க வடக்கும் தெற்குமாக நகர்ந்துகொண்டே இருக்கிறது. செங்குத்தாக விழுந்தால் சூடு குறுகிய இடத்தில் குவியும், சரிந்து விழுந்தால் அதே சூடு அகலமான இடத்துக்குப் பங்கு போய்விடும். நீங்கள் படித்த பூமத்திய ரேகைப் பாடம் இதுதான், அதில் தப்பே இல்லை. ஆனால் அது முதல் பாடம் மட்டும்.

மண்டலே ஏறத்தாழ 22 டிகிரி வடக்கே இருக்கிறது. அங்கே நடுப்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வருவது மே மாதக் கடைசியில்தான், சித்திரை பிறக்கும்போது இன்னும் கொஞ்சம் தெற்கேதான் இருக்கும். பிறகு ஏன் அதற்குள் கொதிக்கிறது என்றால், நவம்பரிலிருந்து அங்கே சரியான மழை இல்லை, மண் காய்ந்து கிடக்கிறது, வானத்தில் மேகம் இல்லை. ஈர மண்ணாக இருந்தால் வெயிலின் சூட்டில் பெரும்பங்கு தண்ணீரை ஆவியாக்குவதிலேயே செலவாகிவிடும். காய்ந்த மண்ணுக்கு அந்தச் செலவு இல்லை, வந்த சூடு அப்படியே மண்ணிலும் காற்றிலும் ஏறுகிறது. மோல்மேனுக்குப் பக்கத்திலோ கடல். தண்ணீரைச் சூடாக்க, அதே எடையுள்ள காய்ந்த மண்ணைச் சூடாக்குவதைப் போல நாலைந்து மடங்கு வெப்பம் வேண்டும், அதனால் கடல் மெதுவாகத்தான் சூடாகும், மெதுவாகத்தான் ஆறும், கரையில் இருக்கிற ஊரையும் தன்னோடு பிடித்து வைத்துக்கொள்ளும்.

இதை உங்கள் ஊரிலேயே பார்க்கலாம். ஆகஸ்டில் சூரியன் மோல்மேனுக்கு நேர் மேலே இரண்டாவது முறையாக வருகிறது, ஆனால் அந்த அடைமழையில் யார் அதைப் பார்த்தார்கள்? மேகம் வெயிலை மேலேயே திருப்பி அனுப்பிவிடுவதால் அங்கே ஆகஸ்ட் பகலை விட ஜனவரிப் பகல்தான் சூடு அதிகம்! அச்சை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் இது தலைகீழாகத்தான் வரும்.

வடக்கே போனால் குளிரும் என்பது பொய்யாகிவிட்டதா என்றால், இல்லை. தை மாதம் மகள் வீட்டில் ஒரு ராத்திரி தங்கிப் பாருங்கள், சால்வையோடு போங்கள்.

கேள்வி: பகான் பக்கம் ஒரு காலத்தில் காடாக இருந்ததாம், ராஜாக்கள் கோயில் கட்டச் செங்கல் சுட்டு மரத்தையெல்லாம் எரித்ததால்தான் மழை நின்றுபோனது என்கிறார்களே, உண்மையா?
(ஒரு வாசகர், பெகு)

பதில்: கேட்க நன்றாக இருக்கிறது, மரம் வெட்டுபவர்களைத் திட்டவும் வசதி. ஆனால் மழையை நிறுத்தியது ராஜா இல்லை, மலை.

மே கடைசியில் நமக்கு வருகிற பருவக்காற்று எங்கிருந்து புறப்படுகிறது தெரியுமா? பூமத்திய ரேகைக்குத் தெற்கே, இந்தியப் பெருங்கடலில். ரேகையைத் தாண்டியதும் பூமியின் சுழற்சியால் வலப்பக்கம் வளைந்து தென்மேற்குக் காற்றாகிறது, வழியெல்லாம் கடலின் ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து மேற்குக் கரையை ஒட்டிய அரக்கான் யோமா மலைத்தொடரில் முட்டுகிறது. மலையில் ஏறினால் காற்று விரியும், விரிந்தால் குளிரும், குளிர்ந்தால் ஈரத்தைத் தாங்காமல் கொட்டிவிடும். மலைக்குக் கடல் பக்கம் இருக்கிற அக்யாபில் வருடத்துக்குச் சராசரி 4,500 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது. மறுபக்கம் இறங்குகிற காற்று சுருங்கிச் சூடாகிறது, மேகம் கலைகிறது. பகானுக்கும் மெய்க்தீலாவுக்கும் வருடச் சராசரி ஆயிரம் மில்லிமீட்டரைக்கூடத் தொடுவதில்லை. மழைமறைவுப் பகுதி என்று பாடப்புத்தகத்தில் இருப்பது இதைத்தான். நெல்லும் ரப்பரும் டுரியானும் தெற்கே விளைய, அங்கே எள்ளும் நிலக்கடலையும் பனையும் நிற்பதற்குக் காரணம் இந்த மலைத்தொடர்.

இன்னொன்றும் சொல்கிறேன். கோயில்கள் எழுந்த 11, 12, 13ஆம் நூற்றாண்டுகளிலேயே பகான் ராஜாக்கள் அரிசிக்குச் சௌக்சே பக்கத்து வாய்க்கால் பாசனத்தை நம்பியிருந்தார்கள். மழை தாராளமாக இருந்த ஊருக்கு அது எதற்கு? காட்டை அழித்ததால் மண் அரித்துப்போனது, நிழல் போனது, சூடு கூடியது, அந்தப் பழியை வேண்டுமானால் மனிதர்கள் தலையில் போடுங்கள்.

கேள்வி: காலநிலையைத் தீர்மானிக்கும் காரணிகள் மொத்தம் எத்தனை? ஒரு புத்தகத்தில் ஐந்து, இன்னொன்றில் ஏழு.
(ஒரு மாணவர், ரங்கூன்)

பதில்: தம்பி, பரீட்சைக்கு உன் ஆசிரியர் சொன்ன எண்ணிக்கையை எழுது, மதிப்பெண் முக்கியம். அட்சரேகை, உயரம், கடலிலிருந்து உள்ள தூரம், காற்று, கடல் நீரோட்டம், மலை என்று எழுதினால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். எனக்குப் பிடிக்காதது, இவற்றைத் தனித்தனியாக மனப்பாடம் செய்ய வைப்பது. மேலே இரண்டு பதிலையும் படி, எந்த மாதம் எது எதை ஜெயிக்கிறது என்பதுதான் விஷயம்.

பல பட்டியல்களில் விட்டுப்போகிறது காற்றுமண்டலம். நீராவியும் கரியமில வாயுவும் வெப்பத்தைப் பிடித்து வைக்காவிட்டால் பூமியின் சராசரி வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே 18 டிகிரி; இருப்பதால் 15 டிகிரி அளவில் வாழ்கிறோம்.

கேள்வி: 2024 ஏப்ரலில் சௌக்கில் 48.2 டிகிரி பதிவானதே, அது புவி வெப்பமயமாதலா, வழக்கமான வெயிலா?
(ஒரு வாசகர், தட்டோன்)

பதில்: இரண்டும். சௌக் இருப்பதே அந்த மழைமறைவுப் பகுதியில், ஏப்ரல் அங்கே எப்போதும் கொடுமைதான். 2023-24இல் எல் நினோவும், அதாவது பசிபிக் கடல் நீர் வழக்கத்தை விடச் சூடாகும் நிலையும், சேர்ந்துகொண்டது. இவற்றுக்கு அடியில் உலகச் சராசரியே மெல்ல ஏறிக்கொண்டிருக்கிறது: தொழிற்புரட்சிக்கு முன் காற்றின் பத்து லட்சம் பங்கில் 280 பங்காக இருந்த கரியமில வாயு இப்போது 420ஐத் தாண்டிவிட்டது. ஒரு நாள் வெயிலை வைத்துக் காலநிலை மாறிவிட்டது என்று சொல்ல மாட்டார்கள், அதற்கு 30 வருடச் சராசரியைப் பார்ப்பார்கள். ஆனால் அடித்தளம் உயர்ந்தால் இப்படிப்பட்ட உச்சங்கள் அடிக்கடி வரும், இன்னும் மேலே போகும்.

கேள்வி: நவம்பரில் பலூன் திருவிழாவுக்குக் குழந்தைகளோடு தவுஞ்சி போகிறோம். மலை உச்சி சூரியனுக்குப் பக்கம்தானே, குளிரும் என்கிறார்களே?
(ஒரு வாசகி, ரங்கூன்)

பதில்: 15 கோடி கிலோமீட்டரில் ஒன்றரைக் கிலோமீட்டர் குறைந்தால் என்ன தெரியப் போகிறது? காற்று பெரும்பாலும் தரையிலிருந்துதான் சூடாகிறது, மேலே போகப் போக மெலிந்து 1,000 மீட்டருக்கு ஏறத்தாழ 6.5 டிகிரி குறைகிறது. தவுஞ்சி 1,400 மீட்டர் உயரம், பலூன் விடுவதும் ராத்திரியில், மேகமில்லாத வானம் வேறு. குழந்தைகளுக்கு ஸ்வெட்டரும் காதை மூடும் குல்லாவும் கட்டாயம் எடுத்துக்கொள்ளுங்கள்.