மூச்சுப்பயிற்சி செய்தால் விரல் நுனியில் எறும்பு ஊர்கிறதே?

கேள்வி: எனக்கு 52 வயது. குலசேகரம் அருகே ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறேன். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். செல்போனில் பார்த்து, விடியற்காலையில் வேலைக்குப் போகும் முன் மூச்சுப்பயிற்சி செய்யத் தொடங்கினேன். வேகமாக இழுத்து இழுத்து விடும்போது விரல் நுனியிலும் உதட்டைச் சுற்றியும் எறும்பு ஊர்கிறது, தலையும் சுற்றுகிறது. ஆக்ஸிஜன் ஏறுவதால்தான் இப்படி என்கிறாள் மகள். தொடரலாமா?

பதில்: மூச்சுப்பயிற்சியைத் தொடருங்கள். அந்த வேகப் பயிற்சியை மட்டும் இன்றோடு விட்டுவிடுங்கள்.

மகள் சொல்வது சரியல்ல. நுரையீரல் நலமாக உள்ளவருக்குச் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே ரத்தத்தில் ஆக்ஸிஜன் 95 சதவீதத்துக்குக் குறையாது. அதற்கு மேல் ஏற்றிக்கொள்ள அதிகம் இடமில்லை. வேகமாக மூச்சு விடும்போது கரியமில வாயுதான் அளவுக்கு மீறி வெளியேறுகிறது. அது குறைந்தால் மூளையின் ரத்தக்குழாய்கள் சுருங்கும், தலை சுற்றும். ரத்தத்தில் காரத்தன்மை கூடுவதால் நரம்புகளை அடக்கி வைத்திருக்கும் கால்சியமும் குறையும். எறும்பு ஊர்வது அதனால்தான். நிறுத்திவிட்டு இயல்பாக மூச்சு விட்டால் சில நிமிடங்களில் அடங்கிவிடும். காகிதப் பைக்குள் மூச்சு விடச் சொன்னால் கேட்காதீர்கள். ஆனால் அந்தத் தலைச்சுற்றலோடு கத்தியும் கையுமாக இருட்டில் சரிவில் இறங்குகிறீர்களே, அதுதான் எனக்குக் கவலை. ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு வேகமூச்சும், மூச்சை அடக்கிப் பிடிப்பதும் எப்படியும் ஏற்றவை அல்ல.

உங்களுக்கு வேண்டியது மெதுமூச்சு. முதுகு நிமிர்ந்து உட்கார்ந்து, ஒரு கையை வயிற்றில் வையுங்கள். மூக்கால் நான்கு எண்ணும் வரை இழுங்கள். கை மேலே எழ வேண்டும், தோள் எழக் கூடாது. ஆறு எண்ணும் வரை விடுங்கள். நிறைய இழுக்க முயல வேண்டாம். சாதாரணமாக நாம் நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுகிறோம். இப்படிச் செய்தால் ஆறு முறைதான் வரும். முதல் வாரம் ஐந்து நிமிடம் போதும். பழகியபின் பத்தாக்குங்கள்.

இதற்கென்று தனியாக நேரம் ஒதுக்கினால் பழக்கம் சீக்கிரம் நின்றுபோகும். உங்கள் வேலையிலேயே நேரம் இருக்கிறது. வெட்டி முடித்துச் சிரட்டையில் பால் சொட்டி நிறையக் காத்திருக்கிறீர்களே, அப்போது செய்யுங்கள். அதற்குள் வயிற்றில் ஏதாவது போயிருக்கட்டும், கட்டன்சாயா (பால் சேர்க்காத தேநீர்) மட்டும் போதாது. பாலை உறைய வைக்க ஆசிட் ஊற்றும் இடமும், ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடும் இடமும் வேண்டாம். நம் குமரி மாவட்டத்தில் இரண்டு பருவமழையும் பெய்கிறது. மழையால் வெட்டு இல்லாத நாட்களில் இரவு படுக்கும் முன் செய்யலாம்.

மூச்சை இழுக்கும்போது இதயத் துடிப்பு சற்றுக் கூடும், விடும்போது தணியும். மெல்ல, நீளமாக விடுவதால் இதயத்தை நிதானப்படுத்தும் வேகஸ் நரம்புக்கு வேலை கூடுகிறது. படபடப்பு குறைவது சில நாட்களிலேயே தெரியும். பல வாரங்கள் விடாமல் செய்தால் ரத்த அழுத்தம் சில புள்ளிகள் இறங்கலாம், அவ்வளவுதான். 160-ஐ 120 ஆக்கும் வித்தை இதில் இல்லை, மாத்திரையை நிறுத்தாதீர்கள். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ பணியாளர் வீட்டுக்கு வந்தால் அளவைப் பார்த்துக் குறித்து வையுங்கள்.

பயிற்சி செய்யாத நேரத்திலும் தலை சுற்றினாலோ, மேடு ஏறுகையில் நெஞ்சு இறுகினாலோ மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். முகம் ஒருபக்கம் கோணினால், பேச்சு குளறினால், ஒரு கை திடீரென வலுவிழந்தால் 108-ஐ அழையுங்கள். கத்தி பிடிக்கும் கை மட்டும் இரவில் மரத்துப்போய்த் தூக்கம் கலைகிறதென்றால் அது வேறு சங்கதி: மணிக்கட்டில் நரம்பு நெருக்கப்படலாம். சர்க்கரையையும் ஒருமுறை சோதித்துவிட்டு, எலும்பு மருத்துவரிடம் கையைக் காட்டுங்கள்.