நார்வேயின் லூஸ்டரில் இரண்டு நாளில் எதைப் பார்ப்பது?

லூஸ்டருக்கு இரண்டு நாள்தான் ஒதுக்க முடியும் என்கிறீர்கள். என்னைக் கேட்டால், முதல் நாளை ஊர்னெஸ் மரத் தேவாலயத்துக்கே கொடுத்துவிடுங்கள். சோல்வோர்ன் கிராமத்திலிருந்து படகில் ஃபியோர்டை, அதாவது மலைகளுக்கு நடுவே உள்நுழைந்த குறுகிய கடல் நீரை, கடந்து மேடேறினால், தார் பூசிக் கறுத்த கட்டடம் தெரியும். 12ஆம் நூற்றாண்டில் கட்டியது. 1979இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. எல்லோரும் உள்ளே போகத்தான் அவசரப்படுவார்கள். நீங்கள் வடக்குச் சுவரருகே நில்லுங்கள். இந்தக் கட்டடத்துக்கு முந்தைய தேவாலயத்தின் 11ஆம் நூற்றாண்டுச் செதுக்கலைப் பெயர்த்து அங்கே பதித்திருக்கிறார்கள். மெலிந்த கால்களுடைய விலங்கு ஒன்று பாம்பைக் கடிக்கிறது. பாம்பு அதைத் திருப்பிக் கடிக்கிறது. எது எங்கே முடிகிறது என்று எவ்வளவு நேரம் பார்த்தாலும் பிடிபடாது.

மறுநாள் நிகார்ட்ஸ்பிரேன் பனியாறு. ஐரோப்பியப் பெருநிலத்திலேயே பெரிய பனியாறான யூஸ்டெடால்ஸ்பிரேனின் கிளை இது. 1740களில் முன்னேறி வந்து நிகார்ட் பண்ணையையே விழுங்கியது. பெயரும் அதிலிருந்து வந்ததுதான். இப்போதோ பின்வாங்கிக்கொண்டே இருக்கிறது. வழிகாட்டி இல்லாமல் பனியில் கால் வைக்காதீர்கள்.

நேரம் மிஞ்சினால் 218 மீட்டர் விழும் ஃபைகெஃபோசன் அருவி. 1,434 மீட்டர் உயரம்வரை ஏறும் சோக்னெஃபியெல் மலைச்சாலையும் உண்டு, ஆனால் குளிர்காலத்தில் அதை மூடிவிடுவார்கள்.