நீச்சல் குளத்துக்கு ஆன்டிமைக்ரோபியல் லைனர் போட்டால் குளோரின் தேவையில்லையா?

ஆன்டிமைக்ரோபியல் லைனர் (குளத்தின் உட்புறம் விரிக்கும் பிளாஸ்டிக் விரிப்பு) அல்லது பெயின்ட் என்றால், கிருமியும் பூஞ்சையும் தன்மேல் வளராதபடி வெள்ளி, துத்தநாகம் போன்றவை கலந்து தயாரித்த மேற்பரப்பு. அது காப்பது தன்னைத்தான், குளத்துத் தண்ணீரை அல்ல.

கழுவாத தண்ணீர்த் தொட்டியின் உள்சுவரைத் தடவினால் வழவழவென்று இருக்குமே, அதே படலம்தான் குளத்திலும் படியும். நீரோட்டம் குறைந்த ஏணிக்குப் பின்புறம், படிக்கட்டு மூலை, விளக்கு வளையம் ஆகியவற்றில் முதலில் தெரியும். அந்தப் பிசினுக்குள் ஒளிந்த கிருமியைக் குளோரின் எளிதில் எட்டாது. லைனரில் உள்ள வெள்ளி, படலம் தொடங்குவதையே தாமதப்படுத்துகிறது. ஆனால் கிருமி அதைத் தொட்டால்தான் வேலை செய்யும். போர் தண்ணீரின் உப்புப் படிவோ சன்ஸ்கிரீன் எண்ணெயோ மேலே மூடிவிட்டால் பூச்சு இருந்தும் பயனில்லை.

எனவே வாரம் ஒருமுறை நைலான் பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். கம்பி பிரஷ் லைனரைக் கீறிவிடும். குளோரின் லிட்டருக்கு 1 முதல் 3 மில்லிகிராம், பிஎச் (நீரின் அமில, கார அளவு) 7.2 முதல் 7.8 வரை இருக்கட்டும். 50,000 லிட்டர் குளத்தில் குளோரினை லிட்டருக்கு 1 மில்லிகிராம் ஏற்ற, 65 சதவீதக் குளோரின் தூள் சுமார் 77 கிராம் போதும். வாளித் தண்ணீரில் தூளைக் கரைத்து ஊற்றுங்கள் (தூளின்மேல் தண்ணீர் ஊற்றுவது ஆபத்து). கரையாத துகள் அடியில் தங்கினால் லைனர் வெளுத்துப் புள்ளி விழும்.

“கிருமி எதிர்ப்பு” என்று அட்டையில் போட்டிருப்பது லைனரின் ஆயுளைப் பற்றியது. குளிப்பவருக்கு நோய் வராது என்று அதற்குப் பொருளில்லை.