வியாழக்கிழமை எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள், தம்பி

தம்பி, நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். ஜெர்மனியில், மியூனிக்கில் வேலைக்குச் சேர்ந்து ஐந்து மாதம் ஆகிறது, ப்ரொபேஷன் ஆறு மாதம். வருகிற வியாழக்கிழமை மேனேஜரும் ஹெச்.ஆரும் சேர்ந்து பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். வேலை போனால், இங்கே தங்கி வேலை செய்ய அனுமதிக்கும் ப்ளூ கார்டும் போய் உடனே ஊர் திரும்ப வேண்டுமா, அதற்குள் நாமே ராஜினாமா செய்துவிட்டால் மரியாதையாக இருக்குமா என்று கேட்கிறீர்கள்.

ராஜினாமா வேண்டவே வேண்டாம். இதை நான் அனுபவித்துச் சொல்கிறேன்.

2014-இல் ஸ்டுட்கார்ட்டில் எனக்கு இதே நிலைமை. முதல் கம்பெனியில் மூன்று வருடம் இருந்துவிட்டு, புதுக் கம்பெனிக்கு மாறி ஐந்தரை மாதம் ஆகியிருந்தது. சின்ன மீட்டிங் ரூம். மேஜையில் ஏற்கெனவே அடித்து வைத்த ஒரு தாள், அதன் மேல் ஒரு பேனா. "நீங்களே விலகியதாக இருந்தால் அடுத்த வேலைக்கு நல்லது" என்றார்கள். குரல் அவ்வளவு கனிவாக இருந்தது. எனக்கோ அந்த அறையை விட்டு எழுந்து போனால் போதும் என்று இருந்தது, போட்டுவிட்டேன். மூன்று வருடம் வேலையின்மைக் காப்பீடு கட்டியிருந்ததால் வேலையில்லாக் காலத்துக்கு அரசுப் பணம் எனக்கு வந்திருக்க வேண்டும். ஆனால் நானாக விட்டேன் என்று காகிதம் சொன்னதால் 12 வாரத்துக்கு அதை நிறுத்திவிட்டார்கள். அந்த மூன்று மாத வாடகையை ஊரிலிருந்து அப்பா அனுப்பினார். மாதாமாதம் அவருக்கு அனுப்பிக்கொண்டிருந்தவள் நான்.

உங்களுக்கு அந்தப் பணம் எப்படியும் வராது. கடைசி 30 மாதத்தில் 12 மாதம் காப்பீடு கட்டியிருக்க வேண்டும். ஆனாலும் என் பதில் மாறாது. இன்னும் அவர்கள் உங்களைப் போகச் சொல்லவில்லை. ஆறு மாதம் தாண்டிவிட்டால், பத்துப் பேருக்கு மேல் வேலை செய்யும் கம்பெனியில் காரணமில்லாமல் ஆளை அனுப்ப முடியாது. அதனால் அதற்கு முன்பே ஆட்களைக் கூப்பிட்டுப் பேசுவது இங்கே பல இடங்களில் வழக்கம். அந்தப் பேச்சு முடிந்து நிம்மதியாக வெளியே வந்தவர்கள் எத்தனையோ பேர் எனக்குத் தெரியும். பயத்தில் நீங்களாக முந்திக்கொள்ளாதீர்கள்.

ஒருவேளை நீக்குவதாகவே முடிவு செய்திருந்தால், தாளில் மை பேனாவால் கையெழுத்துப் போட்ட கடிதமாகத்தான் தர வேண்டும். மெயிலிலோ வாட்ஸ்அப்பிலோ அனுப்பினால் செல்லாது. ப்ரொபேஷனில் நோட்டீஸ் இரண்டு வாரம், அதுவரை சம்பளம் உண்டு. கடிதத்தை வாங்க மறுத்தும் பயனில்லை, வீட்டுத் தபால்பெட்டியில் போட்டாலே வந்து சேர்ந்ததாகக் கணக்கு.

கையெழுத்து கேட்டால், கோட்டுக்கு மேலே என்ன வார்த்தை இருக்கிறது என்று பாருங்கள். "எர்ஹால்ட்டன்" என்றால் பெற்றுக்கொண்டேன், அவ்வளவுதான், தேதியோடு போடலாம். "அய்ன்ஃபெர்ஷ்டாண்டன்" என்றால் சம்மதிக்கிறேன் என்று பொருள், அதில் போடக் கூடாது. தலைப்பில் "ஆஃப்ஹேபுங்ஸ்ஃபெர்ட்ராக்" என்று இருந்தால் அது இரு தரப்பும் ஒத்துப் பிரியும் ஒப்பந்தம். அது எப்போதுமே கெட்டது என்று சொல்ல மாட்டேன். சில சமயம் நாலு மாதம் கூடுதலாகக் கொடுத்து, சரியாகச் செய்தால் திரும்ப எடுத்துக்கொள்கிறோம் என்றும் அதில் எழுதுவார்கள். ஆனால் வீட்டுக்குக் கொண்டுவந்து படிக்காமல் கூடாது. "நாளை பதில் சொல்கிறேன்" என்ற ஒரு வரியை ஜெர்மனில் பழகிக்கொண்டு போங்கள்.

உங்கள் கம்பெனியில் பெட்ரீப்ஸ்ராட் இருக்கிறதா என்று இன்றைக்கே விசாரியுங்கள். ஊழியர்கள் தேர்ந்தெடுக்கும் குழு அது. ப்ரொபேஷனில்கூட அவர்களிடம் கேட்காமல் ஒருவரை நீக்கினால் அந்த நீக்கம் செல்லாது. ஆனால் வழக்குப் போட கடிதம் கைக்கு வந்ததிலிருந்து மூன்று வாரம்தான் இருக்கிறது.

ப்ளூ கார்டு அன்றைக்கே செத்துப்போகாது. வேலை முடிந்துவிட்டதை வெளிநாட்டவர் அலுவலகத்துக்கு இரண்டு வாரத்துக்குள் நீங்களே எழுத்தில் தெரிவிக்க வேண்டும். மறைத்தால்தான் சிக்கல். தெரிவித்தவர்களுக்கு வேறு வேலை தேட மூன்று மாதமாவது கிடைத்ததைத்தான் நான் பார்த்திருக்கிறேன். கடிதம் வந்த மூன்று நாளுக்குள் வேலைவாய்ப்பு அலுவலகத்திலும் பதிந்துவிடுங்கள், இணையத்திலேயே செய்யலாம். புது வேலை கிடைத்தால் சம்பளம் ப்ளூ கார்டு வரம்பைத் தொட வேண்டும், உங்கள் ஐ.டி. துறைக்கு 2025-இல் அது ஆண்டுக்கு 43,759.80 யூரோவாக இருந்தது. முதல் 12 மாதத்துக்குள் மாறுவதால் அலுவலகம் 30 நாள் வரை நிறுத்திவைத்துப் பரிசீலிக்கலாம் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

இன்னொன்று. மேனேஜர் உங்கள் வேலையை "நிஷ்ட் ஆப்டிமால்" என்று ஒருமுறை சொன்னதாகவும், பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். நானும் அப்படித்தான் விட்டேன். அந்த இரண்டு வார்த்தைக்கு இங்கே கனம் அதிகம், சரியில்லை என்றே அர்த்தம். நாம் தலையாட்டிவிட்டு ராத்திரி கண் விழித்துச் சரிசெய்வோம்; அவர்களுக்கோ, இவர் கேள்வியே கேட்கவில்லையே, புரிந்ததா இல்லையா என்றுதான் தோன்றும். வியாழன் வரை காத்திருக்க வேண்டாம். நாளைக் காலை அவரிடம் பத்து நிமிடம் கேளுங்கள். எது குறை, எந்தத் தேதிக்குள் எது சரியாக இருக்க வேண்டும் என்று கேட்டு, பேசியதை அன்றே மெயிலில் எழுதி அனுப்புங்கள். ஐந்து மாதத்தில் முடித்த வேலைகளையும் ஒரு பக்கத்தில் எழுதி வியாழக்கிழமை கையில் வைத்திருங்கள். என் மீட்டிங்குக்கு நான் வெறுங்கையோடு போனேன்.

உங்கள் மனைவி கோயம்புத்தூரில் பள்ளி வேலையை இந்த மாதக் கடைசியில் விட்டுவிட்டு வரப்போகிறார், அவரிடம் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை என்கிறீர்கள். எனக்கு வியாழக்கிழமையைவிட அதுதான் கவலை. இன்று இரவே போன் செய்து சொல்லுங்கள். ராஜினாமாக் கடிதத்தை இரண்டு வாரம் தள்ளிக் கொடுக்கச் சொல்லுங்கள், அவர் இன்னும் கொடுக்கவில்லை என்றால்.