கேஜன் கிரீம் பாஸ்தா: மசாலா எண்ணெயில், கிரீம் கடைசியில்

கேள்வி: வேலை முடிந்து வீடு வந்து சேரவே ஏழரை ஆகிவிடுகிறது. வாரத்தில் ஒரு நாளாவது காரமான கேஜன் கிரீம் பாஸ்தா செய்யலாம் என்று பார்த்தால் மூன்று தடவையும் சொதப்பல். ஒரு தடவை மசாலா பச்சை வாசனையோடு நின்றது, ஒரு தடவை கிரீம் திரிந்துபோனது, ஒரு தடவை நாக்கு எரிந்ததே தவிர ருசியே இல்லை. மிச்சம் வைத்தால் மறுநாள் கட்டியாகிவிடுகிறது. நாங்கள் சுத்த சைவம், முட்டையும் கிடையாது. எட்டு வயதுப் பையனுக்கு இவ்வளவு காரம் ஆகாது. அரை மணி நேரத்தில் முடிகிற மாதிரி சொல்ல முடியுமா?

பதில்: முடியும். நீங்கள் சொன்ன முதல் மூன்று சொதப்பலுக்கும் காரணம் ஒன்றுதான் என்று எனக்குப் படுகிறது. கிரீமை ஊற்றிவிட்டு அதன் மேல் மசாலாத் தூளைப் போட்டிருக்கிறீர்கள். கிரீமில் தூள் வேகாது, அதனால் பச்சை வாசனை நிற்கும். சரி, அது போகட்டும் என்று தீயைக் கூட்டிக் கொதிக்கவிட்டால் கிரீம் திரியும். அதற்குப் பயந்து அடுத்த தடவை சட்டென்று இறக்கினால், வேகாத மிளகாய்த் தூளின் எரிச்சல் மட்டும்தான் நாக்குக்கு வரும். மிளகாயின் காரமும் மசாலாவின் மணமும் பெரும்பாலும் எண்ணெயில் கரைபவை, தண்ணீரில் அல்ல. ஆகவே தூள் முதலில் சூடான எண்ணெயைப் பார்க்க வேண்டும், கிரீம் கடைசியில் வர வேண்டும். இந்த வரிசையை மாற்றாமல் இருந்தால் மற்றதெல்லாம் உங்கள் கைப்பக்குவம்.

முதலில் மசாலா. கடையில் வாங்கும் கேஜன் மசாலா தவறில்லை, ஆனால் டப்பாவைத் திருப்பிப் பாருங்கள், பலவற்றில் முதல் பொருளே உப்பாக இருக்கும். மணம் போதவில்லை என்று இன்னொரு கரண்டி போட்டால் உப்பு ஏறிவிடும். வீட்டில் கலப்பதற்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது. இனிப்புப் பாப்ரிகா (காரமில்லாத சிவப்பு மிளகாய்த் தூள்) ஒரு மேசைக்கரண்டி, புகையூட்டிய பாப்ரிகா ஒரு மேசைக்கரண்டி, பூண்டுத் தூள் ஒரு மேசைக்கரண்டி, வெங்காயத் தூள் இரண்டு தேக்கரண்டி, உலர்ந்த ஓரிகானோ இரண்டு தேக்கரண்டி, உலர்ந்த தைம் ஒரு தேக்கரண்டி, கருமிளகுத் தூள் ஒரு தேக்கரண்டி, வெள்ளை மிளகுத் தூள் அரைத் தேக்கரண்டி. உப்பு வேண்டாம். காரத்துக்கான கெயென் மிளகாய்த் தூளையும் இதில் கலக்காமல் தனியாக வையுங்கள், பையனுக்காகத்தான், கடைசியில் சொல்கிறேன். காற்றுப் புகாத டப்பாவில், வெளிச்சம் படாத இடத்தில் வைத்தால் மூன்று மாதத்துக்கு மணம் குறையாது. மிளகாயின் காரமும் மிளகின் காரமும் நாக்கில் வேறு வேறு மாதிரி ஏறுபவை, அதனால்தான் கேஜன் சமையல் பிறந்த லூசியானாவில் சிவப்பு, கருப்பு, வெள்ளை மூன்றையும் சேர்க்கும் பழக்கம் உண்டு. வெறும் மிளகாய்த் தூளை மட்டும் கூட்டினால் எரிச்சல்தான் கூடும்.

புகையூட்டிய பாப்ரிகாவை மட்டும் விட்டுவிடாதீர்கள். கேஜன் என்பது கனடாவின் கிழக்குக் கரையில் அக்கேடியா என்ற பகுதியில் வாழ்ந்த பிரெஞ்சுக் குடியேறிகளின் வழிவந்தவர்களைக் குறிக்கும் பெயர். 1755இல் தொடங்கி ஆங்கிலேயர்கள் அவர்களை அங்கிருந்து விரட்டினார்கள், அலைந்து திரிந்து பலர் அமெரிக்காவின் தெற்கே லூசியானாவில் போய்ச் சேர்ந்தார்கள். அவர்கள் சமையலில் புகை போட்ட இறைச்சிக்கு முக்கிய இடம் உண்டு, குழம்பின் ஆழமான ருசியில் பாதி அதிலிருந்து வருவது. (கிரீம் பாஸ்தா அவர்களுடைய பழைய வீட்டுச் சமையல் அல்ல, பிற்காலத்தில் உணவகங்களில் பழகியது. அதனால் இப்படித்தான் செய்ய வேண்டும் என்று யாருக்கும் பயப்பட வேண்டாம்.) சைவத்தில் செய்யும்போது அந்தப் புகை மணத்தை நாம்தான் ஈடுகட்ட வேண்டும். அதற்கு இரண்டு வழி: ஒன்று இந்தப் பாப்ரிகா, இன்னொன்று நன்றாகச் சிவந்த காளான். வெங்காயம், செலரித் தண்டு, குடைமிளகாய் மூன்றும் அந்தச் சமையலின் அடித்தளம், அங்கே இதைப் 'புனித மும்மை' என்றே அழைக்கிறார்கள். செலரி கிடைக்காவிட்டால் விட்டுவிடலாம், மற்ற இரண்டும் கட்டாயம்.

இனி அடுப்பு. மூன்று பேருக்கு 250 கிராம் பென்னே (குழாய் வடிவப் பாஸ்தா) போதும். வீட்டுக்குள் நுழைந்ததும் முதல் வேலை, ஒன்றரை லிட்டர் தண்ணீரை மூடி போட்டுக் கொதிக்க வைப்பது. வழக்கமாகச் சொல்லும் அளவைவிட இது குறைவு, வேண்டுமென்றேதான் சொல்கிறேன். தண்ணீர் குறைந்தால் பாஸ்தாவிலிருந்து இறங்கும் மாவுச்சத்து கெட்டியாக இருக்கும், அந்தத் தண்ணீர்தான் பின்னால் கிரீமைத் திரியாமல் காக்கப் போகிறது. இரண்டு தேக்கரண்டி உப்பு போடுங்கள், கடை மசாலா என்றால் ஒன்று. தண்ணீர் கொதிப்பதற்குள் ஒரு வெங்காயம், ஒரு செலரித் தண்டு, ஒரு குடைமிளகாய், நான்கு பல் பூண்டு, 200 கிராம் காளான் எல்லாம் நறுக்கி முடித்துவிடலாம்.

காளானை முதலில், தனியாக வதக்குங்கள். அகலமான வாணலி, ஒரு மேசைக்கரண்டி எண்ணெய், தீ அதிகம். காளானில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர், நெருக்கிப் போட்டால் அந்தத் தண்ணீரிலேயே வெந்து ரப்பர் மாதிரி ஆகிவிடும். ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் பரப்பி, மூன்று நிமிடம் கிளறாமல் விடுங்கள். அடிப்பக்கம் பழுப்பாகச் சிவந்த பிறகு புரட்டி, அப்புறம்தான் உப்பு, அதோடு அரைத் தேக்கரண்டி மசாலா தூவி, அரை நிமிடத்தில் தட்டில் எடுத்து வையுங்கள். லூசியானாவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் 1979இல் உணவகம் திறந்த பால் புருதோம் என்ற சமையல்காரர், மீனை வெண்ணெயில் தோய்த்து மசாலா தடவி, காய்ந்த இரும்புக் கல்லில் கருக்கச் சுட்டுப் பெயர் வாங்கினார். அந்த முறையில் ஒரு துளிதான் நாம் காளானுக்குச் செய்வது. வாணலியில் ஒட்டிய பழுப்பைக் கழுவிவிடாதீர்கள், ருசி அதில்தான் இருக்கிறது.

இந்த நேரத்தில் தண்ணீர் கொதித்திருக்கும். பாஸ்தாவைப் போட்டு, பாக்கெட்டில் போட்ட நேரத்துக்கு இரண்டு நிமிடம் முன்னதாகவே எடுக்கும்படி கடிகாரம் வையுங்கள், மிச்ச வேக்காடு சாஸில் நடக்கும். அதே வாணலியில் இன்னொரு மேசைக்கரண்டி எண்ணெய், ஒரு மேசைக்கரண்டி வெண்ணெய். வெங்காயம், செலரி, குடைமிளகாய் மூன்றையும் நடுத்தரத் தீயில் ஐந்தாறு நிமிடம் வதக்குங்கள். வெங்காயம் கண்ணாடி மாதிரி ஆனதும் பூண்டு, ஒரு நிமிடம் கழித்து தக்காளிப் பேஸ்ட் ஒரு மேசைக்கரண்டி. அது நிறம் மாறி எண்ணெய் ஓரத்தில் கசிய ஆரம்பிக்கும்போது தீயைச் சிம்மில் வைத்து, மசாலா ஒன்றரை மேசைக்கரண்டி போட்டுக் கிளறுங்கள். முப்பது விநாடி போதும், நாற்பதைத் தாண்ட வேண்டாம். பாப்ரிகா சட்டென்று தீய்ந்துவிடும், தீய்ந்தால் வரும் கசப்பை எத்தனை கிரீம் ஊற்றினாலும் மறைக்க முடியாது. பச்சை வாசனை போய் வீடெங்கும் மணம் வந்தவுடன் பாஸ்தாத் தண்ணீர் ஒரு கரண்டி ஊற்றி வாணலியின் அடியைச் சுரண்டிவிடுங்கள். அத்தோடு மசாலா தப்பித்தது, இனி தீயாது.

கிரீமைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், பலரும் தடுக்கி விழுகிற இடம் இது. பால் பொருள் திரிவது அதிலுள்ள புரதம் சூட்டிலும் புளிப்பிலும் கட்டிக்கொள்வதால். 35 சதவீதம் அல்லது அதற்கு மேல் கொழுப்புள்ள கிரீமில் கட்டிக்கொள்ளும் அளவுக்குப் புரதம் மிச்சம் இருக்காது, அதனால் கொதித்தாலும் பெரும்பாலும் தாங்கும். 20, 25 சதவீதக் கிரீம் அப்படி இல்லை, வெறும் பால் அதைவிட மோசம், தக்காளியும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். எந்தக் கிரீம் ஆனாலும் குளிர்பெட்டியிலிருந்து நேராக ஊற்றாமல், சமைக்க ஆரம்பிக்கும்போதே 150 மில்லி எடுத்து வெளியே வைத்துவிடுங்கள். வாணலியில் அரைக் கப் பாஸ்தாத் தண்ணீர் ஊற்றி, கொதி அடங்கிய பிறகு, சிம்மிலேயே கிரீமை ஊற்றிக் கலக்குங்கள். ஓரத்தில் சின்னச் சின்னக் குமிழி வந்தால் போதும், தளபுள என்று கொதிக்கத் தேவையில்லை. கொழுப்புக் குறைந்த கிரீம்தான் இருக்கிறது என்றால், ஒரு தேக்கரண்டி மைதாவை மசாலா போடுவதற்கு முன்பே வெண்ணெயில் ஒரு நிமிடம் வறுத்துவிடுங்கள், பாலில் செய்தாலும் தாங்கும். அப்படியும் திரிய ஆரம்பித்தால் பதறாமல் உடனே இறக்கி, இரண்டு கரண்டி பாஸ்தாத் தண்ணீரும் ஒரு கரண்டி குளிர்ந்த கிரீமும் சேர்த்து வேகமாக அடித்துக் கலக்குங்கள், ஆரம்பத்திலேயே கவனித்தால் பெரும்பாலும் ஒன்றுசேர்ந்துவிடும்.

பாஸ்தாவை வடிக்கும்போது ஒரு பெரிய கப் தண்ணீரைப் பிடித்து வைக்க மறக்காதீர்கள். பாஸ்தா, காளான், ஒரு கப் வெந்த ராஜ்மா, எல்லாவற்றையும் சாஸில் போட்டு இரண்டு நிமிடம் புரட்டுங்கள். வேலை நாள் இரவுக்கு இது ஒன்றே முழுச் சாப்பாடாக இருக்க வேண்டும், அதற்குத்தான் ராஜ்மா. லூசியானாவில் சிவப்பு பீன்ஸ் வாரா வாரம் சமைக்கும் பண்டம் என்பதால் ருசியும் ஒத்துப்போகும். டின்னில் வந்தால் கழுவிப் போடுங்கள். உலர்ந்தது என்றால் இரவே ஊறவைத்து, நன்றாகக் கொதிக்கவிட்டு முழுசாக வேகவைத்தது மட்டும்தான், அரைவேக்காட்டு ராஜ்மா வயிற்றைப் படுத்தும். அதற்குப் பதில் பனீரோ டோஃபுவோ போடலாம், ஆனால் தனியாகச் சிவக்க வறுத்து மேலே போடுங்கள், சாஸில் வேகவிட்டால் சப்பென்று இருக்கும். சாஸ் நீங்கள் நினைப்பதைவிடக் கொஞ்சம் தளர்வாக இருக்கும்போதே இறக்க வேண்டும், தட்டுக்குப் போவதற்குள் பாஸ்தா உறிஞ்சிவிடும். இறக்கிய பிறகு அரை எலுமிச்சம்பழச் சாறு, பொடியாக நறுக்கிய வெங்காயத்தாள். எலுமிச்சை வேண்டாம் என்று தோன்றினாலும் ஒரு தடவை பிழிந்து பாருங்கள், கிரீமின் திகட்டல் போய்விடும்.

சுத்த சைவம் என்று சொன்னதால் மூன்று விஷயம். உலர்ந்த ரவைப் பாஸ்தாவில் பொதுவாக முட்டை இருக்காது, புதிதாகப் பிசைந்து விற்கும் பாஸ்தாவில் பெரும்பாலும் இருக்கும். அசல் பார்மிஜானோ ரெஜ்ஜானோ சீஸ் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும், பாலை உறையவைக்கும் ரென்னட்டை வைத்துத்தான் தயாராகிறது, ஆகவே அது சைவம் அல்ல. நுண்ணுயிர் ரென்னட் என்று குறிப்பிட்ட சீஸைப் பார்த்து வாங்குங்கள், இல்லாவிட்டால் சீஸே இல்லாமலும் இந்தப் பாஸ்தா நன்றாகத்தான் இருக்கும். வோர்செஸ்டர்ஷையர் சாஸ் சேர்க்கச் சொல்லும் செய்முறைகள் உண்டு, வழக்கமான அந்த சாஸில் நெத்திலி வகை மீன் இருக்கிறது. பதிலுக்கு அரைத் தேக்கரண்டி சோயா சாஸ் விட்டால் போதும்.

மறுநாள் கட்டியாவதைத் தடுக்க முடியாது, மாவுச்சத்து இறுகுவது அதன் இயல்பு. மிச்சம் வைக்கும் எண்ணம் இருந்தால் சாஸில் கால் பங்கைத் தனியாக எடுத்து வைத்து, சூடாக்கும்போது அதையும் இரண்டு கரண்டி பாலையும் சேர்த்துச் சிம்மில் மெதுவாகக் கிளறுங்கள். மைக்ரோவேவ் என்றால் பாதிச் சக்தியில், நடுநடுவே கிளறி. இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்காமல் குளிர்பெட்டியில் வைத்தால் இரண்டு நாள் தாங்கும். இன்னும் நல்ல வழி ஒன்று உண்டு: மசாலாவும் தக்காளியும் வதங்கிய அந்த அடித்தளத்தை மட்டும் விடுமுறை நாளில் இரண்டு மடங்கு செய்து, கிரீம் சேர்க்காமல் உறைபெட்டியில் வைத்துவிடுங்கள். அப்படி இருந்தால் வேலை நாளில் பாஸ்தா வேகிற நேரம்தான் உங்கள் சமையல் நேரம்.

இப்போது பையன் விஷயம். மேலே சொன்னபடி கெயென் சேர்க்காமல் செய்த பாஸ்தாவில் பாப்ரிகாவின் மணமும் மிளகின் மெல்லிய காரமும்தான் இருக்கும், அவன் பங்கை முதலில் எடுத்து வைத்துவிடுங்கள். மிளகும் ஆகாது என்றால் கலவையில் மிளகைப் பாதியாக்குங்கள். அப்புறம் ஒரு சின்னக் கரண்டியில் ஒரு மேசைக்கரண்டி வெண்ணெயைச் சூடாக்கி, அடுப்பை அணைத்துவிட்டு, அதில் அரை முதல் முக்கால் தேக்கரண்டி கெயென் தூளைப் போட்டுப் பத்து விநாடி பொரியவிட்டு, வாணலியில் மிச்சம் இருக்கும் பெரியவர்கள் பாஸ்தா மேல் ஊற்றிப் புரட்டுங்கள். காரம் கூடிப்போனால் தண்ணீர் ஊற்றாதீர்கள், இன்னும் இரண்டு கரண்டி கிரீமோ கொஞ்சம் ராஜ்மாவோ சேருங்கள்.